மச்சான் எண்ணிட்ட இரண்டு கற்கள்

திங்கட்கிழமை மாலை என் மச்சான் கடைக்கு வந்து, என்னுடைய தீட்டுக்கல்லைப் பழைய துணி ஒன்றில் சுற்றி, தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"டப்பாவைக் கழுவினீங்களா மச்சான்?"

"கழுவலைன்னா என்ன மாப்ள? உன் கல்லுக்கு வயித்தால போயிடுமா?"

"உடைச்சிடாதீங்க."

"உடைஞ்சா ஒண்ணு ரெண்டாகும். உனக்கு லாபம்தானே."

என் மனைவி கொடுத்த தேநீரில் பாதியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று வழக்கம்போலக் குறை சொன்னார். "டாக்டர் சொன்ன அளவுதாண்ணே" என்றாள் அவள். "இதை டாக்டரா குடிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்தபடி படி இறங்கினார். அவர் எதையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. குடையைக்கூடக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட்டு வருகிறவர்.

புதன்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சுது மாப்ள. வெள்ளிக்கிழமை வர்றேன். கண்ணைக் கட்டிக்க ஒரு துணி எடுத்து வை." எதற்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர், பேருந்து வந்தபோது எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது.

நான் புத்தகம் பைண்டு செய்கிறவன். கடையில் நானும் என் மனைவியும்தான். அவள் தைப்பாள், நான் அட்டையும் தோலும் பார்ப்பேன். தோலட்டை போடும்போது தோலின் ஓரங்களை உள்பக்கமாகச் சீவிச் சீவிக் காகிதம் போல ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் தடித்து நிற்கும், புத்தகம் மூடாது. கத்தி கொஞ்சம் மழுங்கினால் போதும், தோல் சீவுபடாமல் இழுபட்டுக் கிழியும். அதனால் என் தொழிலில் பாதி நேரம் தோலோடு போகும், பாதி நேரம் கல்லோடு போகும்.

என் மனைவியின் அண்ணன் பாறைகளைச் சீவுகிறவர். கல்லூரியின் நிலவியல் துறையில் அதுதான் அவர் வேலை. ஆசிரியர்களும் மாணவர்களும் மலையிலிருந்து பொறுக்கி வருகிற பாறையை வாளால் ஒரு துண்டு அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். முப்பது மைக்ரான் வர வேண்டும். அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. அவ்வளவு மெல்லியதைக் கருவி வைத்து அளக்க மாட்டார். நுண்ணோக்கியில் வைத்து, குவார்ட்ஸ் மணிகள் சாம்பல் நிறமாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பார். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். மாணவர்கள் அவருக்கு 'முப்பது' என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும், பிடிக்கவும் செய்தது.

"ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் பாப்பா" என்று என் மனைவியிடம் சொல்வார். "இவன் ஆட்டைச் சீவுறான், நான் மலையைச் சீவுறேன்."

அவர் தனிக்கட்டை. வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். வரும்போது சும்மா வர மாட்டார், கல்லோடுதான் வருவார். எனக்குக் கத்தி தீட்டக் கல் கண்டுபிடித்துத் தருவது என்று அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. நான் கேட்கவில்லை.

முதலில் கொண்டுவந்தது வெள்ளை வெளேரென்று இருந்தது. வழுவழுப்பாக, பார்த்தாலே ஆசையாக. பத்து நிமிடம் தேய்த்தேன். கத்தி அப்படியே இருந்தது, கல்லில்தான் கோடுகள் விழுந்தன.

"சலவைக்கல்லு மாப்ள! முழுக்கக் கால்சைட். கத்தியைவிட மெத்து. நீ கத்தியால கல்லைத் தீட்டியிருக்கே!" கடை அதிரச் சிரித்தார். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அடுத்தது மணற்கல். அது நன்றாகவே வெட்டியது. மணல் மணிகளைப் பிடித்து வைத்திருக்கிற பசை அதில் வலுவற்றது, அதனால் தேயத் தேயப் பழைய மணி உதிர்ந்து புதிய மணி மேலே வரும் என்றார். ஆனால் மணி ஒவ்வொன்றும் சர்க்கரை அளவு. கூர் ரம்பம் போல வந்தது. "அரிவாளுக்கு நல்லது. பைண்டிங்கை விட்டுட்டு விறகு வெட்டப் போறதா இருந்தா சொல்லு."

பிறகு தீக்கல் வகையில் ஒன்று, கண்ணாடி போல இறுகியது. முதல் வாரம் அருமையாகப் பிடித்தது. அப்புறம் கத்தி அதன்மேல் வழுக்க ஆரம்பித்தது. அதையும் அவரே விளக்கினார். "பழைய மணி போனாத்தானே புதுசு மேல வரும்? இது இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது. எங்க துறைத்தலைவர் மாதிரி."

நான்காவது, கருநீலப் பலகைக்கல். அதில் நான் சந்தோஷமாக ஒரு மாதம் தீட்டினேன். அதன் ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்குப் பொன்னிறப் புள்ளி ஒன்று இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. பைரைட் என்கிற கடினமான கனிமம். அந்த ஒரு மணி கத்தியின் கூரில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்றைப் போட்டுவிட்டது. ஒரு வக்கீலின் குடும்பப் புத்தகத்துக்குத் தோல் சீவி ஒட்டி, காயவைத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்தபோதுதான் முதுகு முழுக்க மயிரிழை போல ஒரு வரி ஓடுவது தெரிந்தது. மச்சானிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் ஜோக் அடிக்கவில்லை. மறுநாள் லென்ஸும் ஊசியும் எடுத்துவந்து, மேசையில் குனிந்து உட்கார்ந்து, அந்த மணியைத் தோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, உன் எதிரி" என்றார். தும்மினால் பறந்துவிடும் அளவுதான் இருந்தது.

இத்தனைக்கும் எனக்கு ஒரு கல் இருந்தது. கடையை வாங்கியபோது மேசை இழுப்பறையில் கிடந்தது. இளமஞ்சள் நிறம், பார்வைக்குக் கரைந்துபோன சோப்புக் கட்டி. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போல ஒரு சேறு எழும். மற்றக் கற்கள் கத்தியைக் கடிக்கும், இது நக்கும் என்று நான் சொல்வேன். அதில் தீட்டிய கத்தி தோலில் இறங்கும்போது சத்தமே வராது. எங்கே பிறந்த கல், என்ன பாறை என்று எனக்குத் தெரியாது. தெரிந்து ஆக வேண்டியதும் இல்லை. மச்சானுக்குத்தான் அது தெரியாமல் தூக்கம் வரவில்லை.

"ஒரு ஓரத்துல நகத்தளவு அறுத்துக்கறேன் மாப்ள. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுக் கொடுத்துடறேன்."

"முதல்ல உங்க தலையில நகத்தளவு அறுத்துப் பார்ப்போம், உள்ள என்ன இருக்குன்னு."

"வெறும் களிமண்ணுதாங்க இருக்கும்" என்று தையல் சட்டத்துக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொல்வாள்.

இப்படியே பதினோரு வருடம். நான் கொடுக்கவில்லை. ஒரு தடவை வீம்பாக, "கண்ணைக் கட்டிட்டு நூறு கல்லுக்கு நடுவுல போட்டாலும் என் கல்லை நான் கண்டுபிடிச்சிடுவேன், உங்களுக்குத்தான் அறுத்துப் பார்க்கணும்" என்றேன். அவர், "நூறு எதுக்கு மாப்ள? ரெண்டு போதும்" என்றார். அப்போது எனக்கு அது வெறும் பதில் பேச்சாகத்தான் பட்டது.

அந்தத் திங்கட்கிழமை நான் ஏன் கொடுத்தேன் என்றால், அவர் சட்டைப்பையில் வெர்னியர் அளவுகோலோடு வந்திருந்தார். என்னைக் கேட்காமலே கல்லை எடுத்து நடுவில் அளந்தார். பதினோரு வருடத் தேய்ப்பில் என் கல் நடுவில் குழிந்து தொட்டில் போல ஆகியிருந்தது.

"நடுவுல அஞ்சு மில்லிதான் இருக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு நினைக்கறே?"

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் நான் அதை அளந்ததில்லை. அந்த வாரம் முழுக்கத் தையல் வேலைதான், தோல் வேலை கிடையாது. எடுத்துப் போங்கள் என்றேன்.

அவர் போய்ப் பத்து நாள் கழித்துத் துறையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது நுண்ணோக்கி வகுப்பு எடுக்கிற அம்மா. மச்சான் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்திருந்தார். சாப்பாட்டில் கல் இருந்தால்கூட என்ன கல் என்று சொல்லிவிட்டுத்தான் துப்புவாராம். திங்கட்கிழமை புதிய ஆள் வருகிறார், அறையைக் காலி செய்கிறார்கள், துண்டுக் கற்களையெல்லாம் தோட்டத்துப் பாதைக்கு நிரப்பக் கொண்டுபோகிறார்கள், உங்களுடையது ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் கல் அங்கேதான் இருந்தது. அந்தப் பத்து நாளில் கல்லைப் பற்றி நினைக்கவே கூச்சமாக இருந்தது. மனிதர் போய்விட்டார், இவன் கல்லைத் தேடுகிறான் என்று யாராவது நினைப்பார்களோ என்று. என் மனைவிதான் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வர்றேன். அண்ணன் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கணும்."

அறை சிறியது. அறுக்கும் வாளைச் சுற்றிச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் சேறு தெறித்து உலர்ந்திருந்தது. தேய்க்கும் வட்டத்தட்டு, பசை காய்வதற்கான சூடுதட்டு, முழங்கையில் ஓட்டை விழுந்த மேலங்கி. பசையின் வாடை இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆடாமல் இருக்க அதன் காலடியில் ஒரு கல்சில்லு வைத்திருந்தார் மச்சான். இங்கே எல்லா மேசைக்கும் எல்லாக் காலுக்கும் வைத்திருந்தார்.

வாசலோரம் துண்டுக் கற்கள் மூன்று வாளிகளில் இருந்தன. ஐந்து வாளி இருந்ததாகவும் இரண்டு போய்விட்டதாகவும் பூதக்கண்ணாடி அம்மா சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். காய்ந்த சேறு எல்லாக் கல்லையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. கழுவி, வெளிறியதாக இருந்தால் கத்திமுனையால் கீறிப் பார்த்தேன். கீறல் விழுந்தால் சலவைக்கல், தூக்கிப் போடு. மணி உதிர்ந்தால் மணற்கல், தூக்கிப் போடு. மச்சானின் கிண்டல்கள் எல்லாம் எனக்கு எவ்வளவு பாடமாக இருந்தன என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று வாளியும் முடிந்தது. என் கல் இல்லை. போன இரண்டு வாளியில் போயிருக்கும், யாரோ அதன்மேல் நடந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி கையைக் கழுவினேன்.

"ஏங்க" என்றாள் என் மனைவி. அவள் அண்ணனுடைய முக்காலியில் உட்கார்ந்து, கைக்கெட்டும் அலமாரியைத் திறந்திருந்தாள். அவள் மடியில் சாப்பாட்டு டப்பா. வியாழக்கிழமை அவர் பையில் சாப்பாடு ஏன் காகிதத்தில் சுற்றி இருந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

டப்பாவுக்குள் என் பழைய துணி. துணிக்குள் இரண்டு கற்கள்.

இரண்டும் ஒரே இளமஞ்சள். ஒரே நீளம், ஒரே அகலம். இரண்டையும் மெல்லிய பலகையாக்கி, உடையாமல் இருக்க அடியில் கறுப்புப் பலகைக்கல் ஒட்டியிருந்தார். மேற்பரப்பு இரண்டிலும் கண்ணாடித் தட்டையாக இருந்தது. என் கல்லின் குழி இல்லை. பதினோரு வருடம் என் கை குழித்ததை ஒரே காலையில் தேய்த்துத் தள்ளிவிட்டார். குழிவான பரப்பை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, எனக்கு அது தெரியும். இருந்தும் செத்துப்போன மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

கற்களின் பக்கவாட்டில் பென்சிலால் எண் போட்டிருந்தார். ஒன்றில் 1. இன்னொன்றில் 2.

டப்பாவுக்கு அடியில் அவருடைய நோட்டு இருந்தது. என் மனைவி படித்தாள், நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். முதல் பக்கம் இரண்டு வருடத்துக்கு முந்தியது. 'மாப்ளயின் கல்லுப் பால், என் கைக்குட்டையில் திருடியது. நுண்ணோக்கியில்: உருண்டை உருண்டையாக மணிகள். கார்னெட். பத்து மைக்ரானுக்குக் கீழே. அடப்பாவி, இதை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறான்.'

அதற்கப்புறம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஞாயிறுதோறும் அவர் கிளம்பிப் போனது எங்களுக்குத் தெரியும். கையில் சுத்தியலோடு போனது தெரியாது.

'ஆற்றுக்கு மேலே பள்ளம். மைக்கா ரொம்ப அதிகம். கத்தி சறுக்கும். மாப்ள திட்டுவான்.'

'மழை. கிடைத்தது ஜலதோஷம்.'

'கார்னெட் இருக்கிறது, பட்டாணி பட்டாணியாக. இதில் தீட்டினால் கத்திக்குப் பல் முளைக்கும்.'

'பழைய ரயில்பாதைக்காக மலையை வெட்டிய இடம். கறுப்புப் பலகைக்கல்லுக்கு நடுவே இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு மஞ்சள் அடுக்கு. நக்கிப் பார்த்தேன். பல்லில் கடித்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.'

கடைசிப் பக்கம் புதன்கிழமை எழுதியது. 'இரண்டும் ஒரே வகைப் பாறைதான். சந்தேகமே இல்லை. என்னுடையதையும் மாப்ளயுடையதையும் ஒரே அளவாக அறுத்தாச்சு. 1, 2. எது எது என்று அவன்தான் சொல்ல வேண்டும், பெரிய இவன் மாதிரி பேசினானே. மீதிக் கட்டி அலமாரிக்கு அடியில். அவனுக்கு முப்பது வருஷத்துக்கு வரும்.'

விடை எங்காவது இருக்கும் என்று பின்னட்டை வரை புரட்டினோம். இல்லை. தன் தலையில் இருப்பதை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

கார்னெட் என்கிற அந்தக் கனிமத்தில் அப்படி என்ன விசேஷம் என்று பூதக்கண்ணாடி அம்மாவைக் கேட்டேன். "குவார்ட்ஸ் மணி உடைஞ்சா கூரா உடையும், ஆழமாக் கீறும். இது கிட்டத்தட்டப் பந்து மாதிரி, பன்னிரண்டு முகம், எல்லா முனையும் மழுங்கல். எஃகைவிடக் கடினம், ஆனா ஆழமா இறங்காது. சுத்தி மெத்துன்னு மைக்கா பிடிச்சிருக்கும். அழுத்தினா விட்டுடும்." பிறகு, "உங்க மச்சான் இதை என்கிட்ட ரெண்டு வருஷமாச் சொல்லிட்டே இருந்தார். நாங்கூட யாரோ பொண்ணைப் பத்திச் சொல்றார்னு நினைச்சேன்" என்றார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பேருந்தில் வரும்போது டப்பாவை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். "இதுல அண்ணன் மலையிலேர்ந்து எடுத்துட்டு வந்தது எதுன்னு நீங்க சொல்லிடுங்க. அது எனக்கு வேணும். உங்களது உங்களுக்கு."

"மீதிக் கட்டி இருக்கே. அதுவும் அவர் எடுத்ததுதானே?"

"அது சும்மா கல்லு. இது அவன் கையால தேய்ச்சு, உங்களை ஏமாத்தணும்னு சிரிச்சுக்கிட்டே செஞ்சது. அதுதான் வேணும்."

மறுநாள் காலை கடையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து உட்கார்ந்தேன். அவள் எதிரே நின்றாள். ஒன்றில் தீட்டி ஒரு துண்டுத் தோலைச் சீவினேன். சத்தமில்லை. இரண்டில் தீட்டிச் சீவினேன். சத்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். பாலை விரலில் தொட்டு உரசிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கையில் இருக்கும்போது அதுதான் என்னுடையது என்று தோன்றியது. கீழே வைத்ததும் இல்லை என்று தோன்றியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம். அந்த முகத்துக்கு முன்னால் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டுதான் என்னோடது" என்றேன். "ஒண்ணு உங்க அண்ணனோடது."

"நிச்சயமா?"

"பதினோரு வருஷம் தேய்ச்சவனுக்குத் தெரியாதா?"

அவள் 1 என்று போட்டதை எடுத்துப்போய்த் தையல் சட்டத்துக்குப் பக்கத்தில், நூலுக்கு மெழுகு தடவும் இடத்தில் வைத்தாள். தினமும் காலையில் ஊசியைக் கோப்பதற்கு முன்னால் அதன்மேல் ஒரு தடவை கையை வைப்பாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அந்த ஒரு கணம் ஒவ்வொரு நாளும் எனக்கு முள்ளில் உட்கார்ந்தது போல இருக்கும். அவள் கை வைப்பது என் கல்லாக இருந்தால்? அவள் அண்ணனுடையதை நான் கத்திக்குக் கொடுத்துத் தேய்த்துக் கரைத்துக்கொண்டிருந்தால்?

இரண்டு வாரம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை, கடைக் கதவைச் சாத்திய பிறகு சொன்னேன். "நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். எது எதுன்னு எனக்குத் தெரியலை. அன்னைக்கும் தெரியலை. நீ பார்த்துக்கிட்டு நின்னே, ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிட்டேன்."

அவள் மெழுகுக் கட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"முதல் செவ்வாக்கிழமையே மாத்தி வச்சிட்டேன். நீங்க சாப்பிட்டுக் கை கழுவப் போனப்போ. பென்சிலை அழிச்சு நம்பரையும் மாத்திப் போட்டேன். பதினொரு நாளா நீங்க அண்ணன் கல்லுன்னு சொன்னதுலதான் தீட்டிக்கிட்டு இருக்கீங்க. ஒரு வார்த்தை, 'என்னடா கை வேற மாதிரி இருக்கே'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? போன வியாழக்கிழமை 'என்ன இருந்தாலும் என் கல்லு என் கல்லுதான்'னு என்கிட்டயே பெருமை வேற!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "அண்ணன் ஜெயிச்சிட்டான், அண்ணன் ஜெயிச்சிட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கை முழுக்கப் பசை. தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். அவளே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி முயற்சியாக ஒருமுறை துறைக்குப் போனோம். இரண்டு கல்லிலிருந்தும் மச்சான் செய்த கண்ணாடிச் சில்லுகள் பூதக்கண்ணாடி அம்மாவிடம் இருந்தன. அவற்றிலும் 1, 2 என்று வைரமுனையால் கீறிய எண்கள்தான். அந்த அம்மா ஒன்றை மாற்றி ஒன்றை வைத்து அரைமணி நேரம் பார்த்தார்.

"வழக்கமான முப்பது மைக்ரான்ல இந்த மணி ஒண்ணு மேல ஒண்ணு கிடந்து குழம்பும். மனுஷன் பதினைஞ்சு வரைக்கும் தேய்ச்சிருக்கார். இப்படி யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "என்னாலயும் பிரிச்சுச் சொல்ல முடியலைங்க. பெரிய மெஷின் ஒண்ணு இருக்கு, தலைநகரத்துக்கு அனுப்பணும். அதுல போட்டா ரெண்டுக்கும் சின்ன வித்தியாசம் தெரியலாம். உங்க பழைய கல்லோட சில்லு, காய்ஞ்ச சேறு ஏதாவது கடையில இருந்தா ஒப்பிட்டுச் சொல்லிடுவாங்க. அனுப்பட்டுமா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். வேண்டும் என்றவள் அவள். முடிவும் அவளுடையதாக இருக்கட்டும் என்று இருந்தேன்.

"வேணாம் மேடம்" என்றாள். "அண்ணன் இவரைத்தான் சொல்லச் சொன்னான். மெஷினைச் சொல்லச் சொல்லலை."

"அவர்தான் தோத்துட்டாரே."

"தோத்தா தோத்ததுதான். எங்க வீட்டுல அப்படித்தான்."

அதனால் இரண்டு கல்லும் கடையிலேயே இருக்கின்றன. ஒரு வாரம் ஒன்று என் மேசையில், மற்றது அவளுடைய சட்டத்துக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை அவள் மாற்றி வைப்பாள். தண்ணீர் பட்டுப் பட்டுப் பென்சில் எண்கள் முதல் மாதமே போய்விட்டன. எண் போகும்போது திரும்ப எழுதலாமா என்று கேட்டேன், எதற்கு என்று கேட்டாள். மீதிக் கட்டியை நாங்கள் இன்னும் அறுக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் இரண்டு கற்களுமாகச் சேர்ந்து ஓர் அட்டைத் தடிமன் குறைந்திருக்கலாம். அளந்து பார்க்கவில்லை.

கடைசியாகத் துறைக்குப் போன அன்றைக்கு, கிளம்புவதற்கு முன் அந்த அம்மா என் மனைவியை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்காரவைத்தார். இரண்டு ஒளி வடிகட்டிகளைக் குறுக்காகப் போட்டு, சில்லு வைத்த வட்டத்தட்டைத் திருப்பச் சொன்னார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டாள். தட்டு திரும்பத் திரும்ப மைக்கா மஞ்சளாக ஒளிர்ந்தது, அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது. நடுவில் சின்னச் சின்ன வட்டமாகக் கார்னெட் மணிகள். ஒன்றாம் சில்லானாலும் இரண்டாம் சில்லானாலும், தட்டை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் அவை கறுப்பாகவே இருக்கும்.